பின்புறமாகப் பத்து மீட்டர்

நான் வேலை பார்ப்பது பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வேலை போய்விடும்; வேலை போனால் அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் பாக்கியமும் போய்விடும். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் ‘அரசு காப்பீடு’ என்று பலகை தொங்கும் மேசை என்னுடையது. பெயர் புவனேஸ்வரி. வருகிறவர்கள் என்னை ‘காப்பீட்டம்மா’ என்பார்கள். இருபத்தொன்பது வயதில் ஊருக்கெல்லாம் அம்மாவாக எனக்கு விருப்பமில்லை என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

என் வேலையை இரண்டு வரியில் சொல்லலாம். யாருக்காவது ஒரு கருவி பொருத்தினால், காதுக்கு மிஷினோ முட்டிக்குத் தகடோ, அதற்கான அத்தாட்சியைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் காப்பீட்டிலிருந்து பணம் வரும். செயற்கைக் காலுக்கு அத்தாட்சி ஒரு வீடியோ. நோயாளி பத்து மீட்டர் நடந்து காட்ட வேண்டும், முகமும் காலும் தெரிய வேண்டும். அதற்காகவே எங்கள் மாடி வராந்தாவில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம். பளபளவென்று டைல்ஸ், மேலே ஃபேன். இந்தக் கோட்டில் கிளம்பி அந்தக் கோட்டை எட்டிவிட்டால், அரசாங்கத்தைப் பொறுத்தவரை அந்த ஆளுக்குக் கால் வந்துவிட்டது. அடுத்த ஐந்து வருடத்துக்கு அவர் வேறு கால் கேட்கக் கூடாது.

வெற்றிச்செல்வி அக்கா போன மாசியில் அப்படி நடந்து காட்டியவர். திருமானூர்ப் பக்கம், வயது முப்பத்தெட்டு. சிமெண்ட் லாரி இடித்ததில் இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. புதுக்காலோடு அவர் அந்த மஞ்சள் கோட்டைத் தாண்டியபோது நான் வீடியோ எடுத்தேன், பக்கத்தில் சின்னதுரை அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சின்னதுரை அண்ணன்தான் எங்களுக்குக் கால் செய்து தருகிறவர். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பட்டறை. ஒவ்வொரு கால் வெளியே போகும்போதும் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற தகப்பன் மாதிரி அழுவார்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, டோக்கன் வரிசை வாசல் வரை நிற்கையில், வெற்றிச்செல்வி அக்கா இரண்டு ஊன்றுகோலோடு வந்தார். தோளில் ஒரு யூரியா சாக்கு. அதை என் மேசைமேல் கவிழ்த்தார். காய்ந்த சேறு உதிர ஒரு கால் வந்து விழுந்தது.

“என்னக்கா இது?”

“காலு. ஒன் காப்பீட்டுக் காலு.”

“ஏன் இப்பிடி இருக்கு?”

“நாத்து நடப் போனேன். நாத்தை நட்டேனோ இல்லையோ, காலை நட்டுட்டேன். நான் ஒரு பக்கம் உழுந்து கெடக்கேன், அது மட்டும் வயக்காட்டுல செவனேன்னு நேரா நிக்குது. கொளஞ்சியம்மா அக்கா வந்து ரெண்டு கையாலயும் புடுங்கி எடுத்தாங்க.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன், டோக்கன் வரிசையும் சிரித்தது. பிறகு அவர் முந்தானையால் காலில் இருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே பேசினார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் பதினைந்து பெண்கள் சேர்ந்த ஒரு நடவு செட்டில் முதல் ஆள். வரப்போரமாக முதலில் நிற்பவர். அவர் கை போகிற வேகத்தில்தான் மற்ற பதினாலு பேரும் போவார்கள். லாரி இடித்த நாளிலிருந்து அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை. பதினாலு பேர் நட்டு முடித்துவிட்டு, அவருடைய வரிசையைத் திரும்பி வந்து நடுகிறார்கள். செட்டை நடத்துகிற கொளஞ்சியம்மாள் இப்போது ஒரு கெடு வைத்திருந்தார்.

“ஐப்பசி பொறக்கிற வரைக்கும்தான் ஒன் எடத்தைக் காலியா வெச்சிருப்பேன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் வேற ஆளை நிறுத்தியாவணும். அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. அம்பது ஏக்கரு பேசி வெச்சிருக்கு.”

“ஒக்காந்து செய்யிற வேலை ஏதாச்சும் பாக்கலாமேக்கா.”

அவர் என்னையும் என் நாற்காலியையும் மேலும் கீழுமாகப் பார்த்தார். “நீ ஒக்காந்துதானே பாக்குற. சந்தோசமா இருக்கியா?”

சின்னதுரை அண்ணனைக் கூப்பிட்டேன்.

அவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதம் அகலம், சேறு அடியில் பிடித்து உறிஞ்சிக்கொள்கிறது, இழுத்தால் கால் தொடையோடு நிற்காமல் கழன்றுவிடுகிறது என்றார். ஒரு வாரம் பட்டறையில் அதையே கையில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை கல்லங்குறிச்சிக்குப் பெருமாளைப் பார்க்கப் போனவர், எருமையைப் பார்த்துவிட்டு வந்தார். குட்டையிலிருந்து ஏறிய எருமை. திங்கட்கிழமை காலை என் மேசை முன்னால் நின்று இரண்டு விரலை விரித்தும் சேர்த்தும் காட்டிக்கொண்டே இருந்தார்.

“குளம்பு மிதிக்கிறப்ப விரியுது, புவனா. எடுக்கிறப்ப சேந்துக்குது. சேறு புடிக்கவே மாட்டேங்குது. இத்தனை வருசமா எருமையைப் பாத்திருக்கேன், அதோட காலைப் பாக்கலையே நான்.”

பத்து நாளில் ஒரு கால் செய்தார். குறுகலான பாதம், நடுவில் பிளவு, தொடைவரை இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் உறை. வெற்றிச்செல்வி அக்கா அதைப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கி ஏறிவிட்டுப் போன் செய்தார். “இதுக்கு எருமைக்காலுன்னு பேரு வெச்சாச்சு. சின்னதுரை அண்ணனைக் கோவிச்சுக்க வாணாம்னு சொல்லு. எருமைக்குத்தான் கோவம் வரும்.”

அது சோதனைக் கால். கையில் கிடைத்த ரப்பரில் செய்தது, ஒரு நடவு பருவம் தாங்காது. நல்ல பொருளில் செய்யக் காப்பீட்டில் பணம் கேட்க வேண்டும். கருவிப் பட்டியலைத் திறந்தேன். ‘முட்டிக்குக் கீழ், சாதாரணம், ஒன்று’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. சாதாரணம் யாருக்கு என்று போடவில்லை. கீழே பொடி எழுத்தில், கொடுத்த கருவி நோயாளியின் தொழிலுக்குப் பயன்படவில்லை என்று நிரூபித்தால் மாற்றுக் கருவி பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. நிரூபணம் என்றால் வேறென்ன, வீடியோதான்.

முதல் வீடியோவை கொளஞ்சியம்மாள் வயலில் எடுத்து அனுப்பினார். பழைய காலோடு வெற்றிச்செல்வி அக்கா சேற்றில் நின்று தவிக்கிற வீடியோ. நான்கு நாளில் பதில் வந்தது: ‘கால் தெரியவில்லை.’

சேற்றுக்குள் இருக்கிற கால் எப்படிய்யா தெரியும் என்று கணினியைப் பார்த்துக் கத்தினேன். டோக்கன் பதினாலு பயந்துபோய் மருந்துக்கடைப் பக்கம் போய்விட்டார்.

“சரி, எருமைக்காலு வேலைக்கு ஆவும்னாச்சும் காட்டுவோம், அந்த வராந்தாவுலயே எடு,” என்றார் வெற்றிச்செல்வி அக்கா. “ஆனா பின்னால நடக்கிறேன். முன்னால நடக்கிறது எனக்கு டீக்கடைக்குப் போறதுக்குத்தான். வேலையில பூரா பின்னாலதான் போவணும். முன்னால போனா நட்ட நாத்தை நானே மிதிச்சிருவேனே.”

எருமைக்காலைப் போட்டுக்கொண்டு, குனிந்து, கையில் நாற்று இருப்பதுபோல் வைத்துக்கொண்டு, அந்த மஞ்சள் கோட்டிலிருந்து இந்த மஞ்சள் கோடு வரை பின்புறமாகவே வந்தார். வழுக்கவில்லை, தடுமாறவில்லை. ஏற்றினேன். பதில்: ‘வீடியோ முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் தலைகீழாக ஓட்டப்பட்டுள்ளது. மோசடி என ஐயம்.’

எனக்கு வந்த கோபத்தில் அன்று பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டேன். ஆனால் மறுநாள் காலை ஒரு யோசனை வந்தது. வீடியோவைத் தலைகீழாக ஓட்டவில்லை என்று வீடியோவிலேயே காட்டிவிட்டால்? அக்கா பின்னால் நடக்கட்டும். பக்கத்தில் நான் நின்று ஜாடியிலிருந்து குவளையில் தண்ணீர் ஊற்றுகிறேன். சின்னதுரை அண்ணன் வாழைப்பழத்தை உரித்துத் தின்னட்டும். தலைகீழாக ஓட்டியிருந்தால் தண்ணீர் குவளையிலிருந்து ஜாடிக்கு ஏறும், பழம் வாயிலிருந்து வெளியே வந்து தோலுக்குள் போகும். எந்த அதிகாரியாக இருந்தாலும் அதைப் பார்த்தால் நம்பித்தானே ஆக வேண்டும்?

வாட்ச்மேனிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னோம். முதல் தடவை அவர் விரல் மறைத்துவிட்டது. இரண்டாவது தடவை நான் சிரித்துத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டேன். மூன்றாவது தடவை அக்காவே பின்னால் வந்தபடி, “அண்ணே, மெல்லாம முழுங்காதீங்க,” என்று சொல்லிச் சிரித்துவிட்டார். ஐந்தாவது தடவை சரியாக வந்தது. சின்னதுரை அண்ணன் அன்று மதியம் சாப்பிடவில்லை.

பதில் மூன்றே நாளில் வந்தது. ‘தொடர்பற்ற நபர் உணவு உண்கிறார். நேரில் விசாரிக்க அலுவலர் வருகிறார்.’

மோசடி என்று எழுதிவிட்டால் அக்காவின் காப்பீட்டு அட்டை முடக்கப்படும், எருமைக்கால் இல்லை, வேறு காலும் இல்லை. ஐப்பசிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. என் அதிபுத்திசாலித்தனத்தால் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண் விழப்போகிறதே என்று நினைத்து எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

வந்தவர் டாக்டர் அறிவழகன். காப்பீட்டு அலுவலகத்தின் விசாரணை டாக்டர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் அளக்கிற டேப், பேச்சில் மரியாதை. கத்துகிற அதிகாரியை நான் சமாளித்துவிடுவேன், மரியாதையாகப் பேசுகிறவர்தான் கஷ்டம். அக்காவைப் பழைய காலோடு மஞ்சள் கோட்டுக்கு நடுவில் நடக்கச் சொன்னார்.

“நல்லாத்தானேம்மா நடக்கறீங்க?”

“நடக்கிறதுல ஒரு கொறையும் இல்லீங்க சார். வேலைதான் செய்ய முடியல.”

“அந்த வீடியோல எதுக்குப் பின்னால நடந்தீங்க?”

“அதாங்க சார் என் வேலை.”

அவர் என்னைப் பார்த்தார். வாழைப்பழத்தைப் பற்றிக் கேட்டார். விளக்கினேன். “வேலை செய்யற எடத்தைப் பாக்கணும்,” என்றார்.

அவருடைய காரிலேயே திருமானூர் போனோம். சின்னதுரை அண்ணன் எருமைக்காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஏறியதுதான் தாமதம், பதினாலு பெண்களும் நிமிர்ந்து குலவை போட்டார்கள். கொளஞ்சியம்மாள் முடி என்கிற நாற்றுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து டாக்டரின் காலடியில் வைத்தார். நடவு நேரத்தில் வெளியாள் யார் வயலுக்கு வந்தாலும் இப்படித்தான். வைத்த முடியைத் தாண்டிப் போகக் கூடாது, ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். விசாரிக்க வந்த அதிகாரியை மடக்கலாமா கூடாதா என்றெல்லாம் அவர்கள் யோசிக்கவே இல்லை.

டாக்டர் பர்ஸை எடுத்தார்.

“காசு வாணாங்க சார்,” என்றார் கொளஞ்சியம்மாள். “வெற்றி காலைப் பாக்கத்தானே வந்திருக்கீங்க. ஒரு வரிசை நட்டுக் குடுத்துட்டுப் போங்க, போதும்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் டேப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, பேண்ட்டை முட்டிவரை மடித்துக்கொண்டு இறங்கினார்.

நான்கு குத்து நட்டார், ஓர் அடி முன்னால் வைத்தார். இன்னும் நான்கு குத்து நட்டார், இன்னோர் அடி. முகத்தில் ஒரு பெருமைகூடத் தெரிந்தது.

“சார், நட்டதைக் கொஞ்சம் பாருங்க,” என்றார் கொளஞ்சியம்மாள்.

பார்த்தார். நட்டதெல்லாம் அவருடைய பாதத்துக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அவருக்குப் புரிந்த நொடி எனக்கு வரப்பிலிருந்தே தெரிந்தது.

“பின்னால போவணும்,” என்று தனக்குத்தானே சொன்னார்.

“ஆமாங்க சார், பின்னால போங்க.”

வலது காலைப் பின்னால் எடுத்தார், வந்தது. இடது காலை எடுத்தார், வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக எடுத்தார். கஞ்சி போட்ட சட்டையோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். குலவைச் சத்தம் பக்கத்து வயல் வரை போயிருக்கும். நான் பழக்கதோஷத்தில் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

வெற்றிச்செல்வி அக்கா அதற்குள் எருமைக்காலை மாட்டிக்கொண்டு வரப்போரத்தில் தன் இடத்தில் இறங்கியிருந்தார். நட்டுக்கொண்டே பின்னால் வந்தார், யாரையும் பார்க்கவில்லை. டாக்டர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேரே வந்ததும் நாற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கையை நீட்டினார். இரண்டு கால் உள்ள மனுஷனை ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து நடத் தொடங்கினார்.

டாக்டர் வரப்பில் வந்து உட்கார்ந்தார். இடுப்புவரை சேறு. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். முதலில் தோள் குலுங்கியது, பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும் சின்னதுரை அண்ணனிடம் திரும்பினார்.

“நீங்க குடுத்த கால்ல எத்தனை பேர் இன்னும் நடக்கறாங்க?”

சின்னதுரை அண்ணன் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. “பாதி ஆணியில தொங்கும் சார். அந்தப் பத்து மீட்டரு நடந்த அன்னைக்கே முழுப் பணமும் வந்துருது. அதுக்கப்புறம் யாரும் கேக்கிறதில்ல. நானும் போய்ப் பாக்கல.”

“நான் எத்தனை வீடியோவுக்கு ‘நன்று’ன்னு போட்டிருப்பேன் தெரியுமா?” என்றார் டாக்டர். “டைல்ஸ் நல்லா இருந்திருக்கு, அவ்வளவுதான். பாதிப் பணத்தை அன்னைக்கும், மீதியை மூணு மாசம் கழிச்சு நோயாளியையே கேட்டுட்டும் குடுத்தா என்னங்க?”

சின்னதுரை அண்ணனுக்கு முகம் சுருங்கியது. பிறகு நிமிர்ந்தது. “குடுங்க சார். ஆனா எருமைக்காலுக்கும் பட்டியல்ல ஒரு வரி போடுங்க.”

டாக்டர் தலையாட்டிவிட்டு எழுந்தார். கார்ப் பக்கம் போகிறார் என்று நினைத்தேன். அவர் மறுபடி வயலில் இறங்கி, கோணல்மாணலாக, பின்புறமாகவே போய்த் தன் வரிசையை முடித்துவிட்டுத்தான் ஏறினார்.

அனுமதி ஐப்பசி இரண்டாம் தேதி வந்தது. அதோடு ஒரு புதுக் குறிப்பு, பெரம்பலூர், அரியலூர் என்று எங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் மட்டும், சோதனை முயற்சியாக. ‘கருவியைச் சோதிக்க வேண்டியது நோயாளி வேலை செய்யும் இடத்தில், வேலை செய்யும் திசையில்.’ நான் அதை மூன்று தடவை படித்தேன். கண் கலங்கிவிட்டது, டோக்கன் வரிசை வேடிக்கை பார்த்தது, பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன். கெடுவுக்கு ஒரு நாள் தாண்டிவிட்டதே என்று போனில் சொன்னபோது கொளஞ்சியம்மாள், “எங்கூர்ல ஐப்பசி நாளைக்குத்தான் பொறக்குது,” என்றார்.

புதுக் குறிப்பால் முதலில் அடிபட்டது நான்தான். செட்டிகுளத்தில் மலைக்கோயில் படியில் பூ விற்கிற ஒருவருக்குக் கால் வந்தது. வேலை செய்யும் இடம் படி, வேலை செய்யும் திசை மேலே. போனைப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் ஏறினேன். பாதியில் எனக்கு மூச்சு வாங்க, அவர் பூக்கூடையை வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

நல்ல ரப்பரில் செய்த எருமைக்கால் கைக்குப் போய் மூன்று மாதமாகி, தை மாதக் கடைசியில் வெற்றிச்செல்வி அக்காவுக்குப் போன் செய்ய வேண்டிய நாள் வந்தது. டாக்டர் வயலில் சொன்னபடி ஒரே ஒரு கேள்வி: ‘கருவியைத் தற்போது பயன்படுத்துகிறாரா? ஆம், இல்லை.’ மீதிப் பணம் அதில்தான் இருந்தது. சின்னதுரை அண்ணன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா, எருமைக்காலைப் போடுறீங்கதானே?”

“இல்லையே. போடுறதில்ல.”

சின்னதுரை அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“ஏங்க்கா? என்ன ஆச்சு?”

“என்ன ஆவும்? அறுப்பு நடக்குது. மிஷின் போக வழியில்லாத வயலு, கையறுப்புதான். காஞ்ச தரையில அது எதுக்கு? அறுக்கிறது முன்னாலதானே போவணும். பழைய காலைப் போட்டிருக்கேன். அடுத்த நடவுக்கு எருமைக்காலை எண்ணெய் போட்டுத் தொடைச்சு வெச்சிருக்கேன்னு அண்ணன்கிட்ட சொல்லு. அழுவுறாரா?”

அழுதுகொண்டுதான் இருந்தார்.

நான் அந்தக் கேள்வியைப் பார்த்தேன். ஆம், இல்லை. இரண்டில் எதைத் தட்டினாலும் பொய். கீழே ‘குறிப்பு’ என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ‘அறுவடைக் காலம். முன்னால் போகிறார். நடவில் மறுபடி கேட்கவும்’ என்று எழுதி அனுப்பினேன். அரைமணி நேரத்தில் டாக்டரிடமிருந்து பதில் வந்தது. ‘ஏற்கப்பட்டது. அடுத்த வருடப் படிவத்தில் பருவத்தையும் சேர்க்கிறேன். என் வரிசை விளைந்ததா?’

அக்காவிடம் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. வயல் முழுக்க அறுத்தாகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு கோணல் வரிசை மட்டும் கதிர் தலைசாய்ந்து நின்றது. கடைசியில் அறுக்கலாம் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். அதற்கு டாக்டர் வரிசை என்று பெயராம். பின்னால் பதினைந்து பேரும் அரிவாளோடு நின்றார்கள். வரப்போரமாக, தன் இடத்தில், முதல் ஆளாக வெற்றிச்செல்வி அக்கா நின்று எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் தோன்றியது, இத்தனை மாதமாக வீடியோ வீடியோவாகப் பார்த்த அந்தக் காலை, இந்தப் படத்தில் பார்க்க மறந்துவிட்டேன்.